அமில மாத்திரையும் ஆல்கஹாலும்

சில மாதங்களுக்கு முன் ஒரு மேல்நிலைப் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் வெப்பத்தைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்து நான் புறப்படும்போது, பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி உடன் நடந்து வந்தார். "சார், வெப்பத்தைப் பற்றி இல்லை. வேறு ஒன்று கேட்கலாமா?" என்றார்.

அவர் கேட்டது இதுதான். "எங்கள் அப்பா லாரி ஓட்டுகிறார். வயிற்றெரிச்சலுக்குத் தினமும் கேஸ் மாத்திரை போடுகிறார். சில நாள் இரவில் குடிக்கவும் செய்கிறார். மாத்திரை போட்டிருப்பதால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது, சீக்கிரம் தெளிந்துவிடும் என்கிறார். அவரோடு லாரியில் போகும் மாமா, மாத்திரை போட்டுக் குடித்தால் போதை இரண்டு மடங்கு ஏறும் என்கிறார். எது சார் உண்மை?"

நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். "டாக்டரைக் கேள், தம்பி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கேட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. படித்துப் பார்த்துச் சொல்வதாக வாக்களித்தேன். படித்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. அப்பா சொல்வதும் சரியில்லை, மாமா சொல்வதும் முழுக்கச் சரியில்லை என்பது மட்டுமல்ல. இந்தக் கேள்வியின் பேரில் மேல்நாட்டு ஆய்வாளர்கள் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதத்தின் நடுவே இருப்பது உங்கள் இயற்பியல் பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு சிறு சமன்பாடுதான்!

அமிலத்துக்கு இதில் வேலை இல்லை

நம் இரைப்பையின் சுவரில் உள்ள சில செல்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. சுரக்கும்படி அவற்றுக்கு ஆணையிடும் பொருள்களுள் ஒன்று ஹிஸ்டமின். செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி என்னும் பூட்டில் ஹிஸ்டமின் சாவிபோல் பொருந்தியதும் அமிலம் சுரக்கிறது. அந்தப் பூட்டில் பொருந்தி, ஆனால் திறக்காமல் அடைத்துக்கொள்ளும் போலிச் சாவி ஒன்றைச் செய்தால் என்ன? ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து அறிஞரும் அவருடைய குழுவினரும் இப்படித்தான் சிமெட்டிடின் என்னும் மருந்தை உருவாக்கினர். அது 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. பிளாக் 1988-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சிமெட்டிடினைத் தொடர்ந்து ரானிட்டிடின், ஃபாமோட்டிடின் ஆகியவை வந்தன. பிறகு வந்த ஒமிப்ரசோல் வகை மருந்துகள் பூட்டைத் தொடுவதில்லை. அமிலத்தை வெளியே தள்ளும் 'பம்பை'யே நிறுத்துகின்றன. வெள்ளைக் குழம்பாக விற்கும் பழைய மருந்துகளோ சுரந்த அமிலத்தை நடுநிலையாக்குவதோடு சரி.

இந்த அமிலம் ஆல்கஹாலை என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. சோறும் பருப்பும் போல ஆல்கஹால் செரிக்கவேண்டிய பொருள் அன்று. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. நீரில் எளிதில் கலப்பது. இரைப்பையில் ஒரு சிறு பகுதியும் சிறுகுடலில் பெரும்பகுதியுமாக அது நேரே இரத்தத்துக்குள் ஊடுருவிவிடுகிறது. ஆகவே அமிலம் குறைந்தால் ஆல்கஹால் 'செரிக்காது' என்பதும், 'சீக்கிரம் செரிக்கும்' என்பதும் இரண்டும் தவறு.

இரத்தத்தில் கலந்த ஆல்கஹாலை அழிப்பது பெரும்பாலும் கல்லீரலின் வேலை. அங்குள்ள ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இன்னொரு நொதி இதை அசிட்டேட்டாக மாற்றுகிறது. முடிவில் கரியமில வாயுவும் நீரும் மிஞ்சுகின்றன. மூச்சிலும் சிறுநீரிலும் மாறாமல் வெளியேறுவது சிறு பங்கே. காவலர் ஊதச் சொல்லும் கருவி மோப்பம் பிடிப்பது அந்தச் சிறு பங்கைத்தான்.

இந்த அழிப்பு நடக்கும் விதத்தைச் சற்று நின்று கவனியுங்கள். சுடு தேநீர் ஆறுவதைப் பற்றிய நியூட்டனின் விதி உங்களுக்குத் தெரியும்: சூடு மிகுந்திருக்கும்போது வேகமாக ஆறும், ஆற ஆற வேகம் குறையும். பெரும்பாலான மருந்துகள் உடலைவிட்டு நீங்குவதும் இதே முறையில்தான். ஆல்கஹால் அப்படியன்று. ரயில் நிலையத்தில் ஒரே ஒரு சீட்டு வழங்கும் சன்னல் இருக்கிறது என்க. வரிசையில் 50 பேர் நின்றாலும் 500 பேர் நின்றாலும் எழுத்தர் மணிக்கு இத்தனை சீட்டுத்தான் தருவார். கல்லீரல் நொதியும் அவ்வாறே. குறைந்த அளவு ஆல்கஹாலிலேயே அதன் கைகள் நிறைந்துவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு வந்தாலும் ஒரே சீரான வேகந்தான். சுவீடன் நாட்டு லுண்ட் நகரத்து அறிஞர் எரிக் விட்மார்க் இதை ஆராய்ந்து 1932-இல் நூலாகவே வெளியிட்டார். சராசரியாக 100 மில்லி இரத்தத்தில் மணிக்கு 15 மில்லிகிராம் வீதம் ஆல்கஹால் குறைகிறது. சிலருக்கு 10, சிலருக்கு 20. குளிர்ந்த நீரில் குளித்தாலும் கடுங்காப்பி குடித்தாலும் எழுத்தர் வேகத்தைக் கூட்டமாட்டார்.

இரைப்பையிலும் ஒரு நொதி

அமில மாத்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஆல்கஹாலை அழிக்கும் நொதி கல்லீரலில் மட்டுமன்றி இரைப்பையின் உட்சுவரிலும் சிறிதளவு உண்டு. அப்படியானால் குடித்ததில் ஒரு பகுதி இரத்தத்துக்குள் போகும் முன்பே இரைப்பையில் அழிந்துவிடக்கூடும் அல்லவா? நியூயார்க் நகரில் பணிபுரிந்த சார்லஸ் லீபர் என்னும் மருத்துவ ஆய்வாளர் இந்தக் கருத்தை வலுவாக எடுத்துரைத்தார். ஒரே அளவு மதுவுக்குப் பெண்களின் இரத்தத்தில் ஆல்கஹால் அதிகமாக ஏறுவதற்கு அவர்களிடம் இந்த இரைப்பை நொதி குறைவாக இருப்பதும் ஒரு காரணம் என்று அவருடைய குழு 1990-இல் அறிவித்தது.

அடுத்த கேள்வி இயல்பாகவே எழுந்தது. சிமெட்டிடினும் ரானிட்டிடினும் இந்த நொதியின் வேலையைச் சோதனைக் குழாயில் தடுக்கின்றன. மனிதரிடமும் தடுக்குமோ? 1992-இல் லீபரின் குழு வெளியிட்ட ஆய்வில், ஆண்கள் சிலருக்கு ஒரு வாரம் மாத்திரை கொடுத்து, காலை உணவுக்குப்பின் உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் ஆல்கஹால் கொடுத்துப் பார்த்தார்கள். ரானிட்டிடின் சாப்பிட்டவர்களுக்கு இரத்த ஆல்கஹாலின் உச்ச அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. சிமெட்டிடினில் இன்னும் அதிகம். ஃபாமோட்டிடினில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அக்காலத்தில் உலகிலேயே மிக அதிகமாக விற்ற மருந்துகளுள் ரானிட்டிடினும் ஒன்று. ஆகவே பரபரப்புக்குக் குறைவில்லை. மாணவரின் மாமா சொன்ன 'இரண்டு மடங்கு' இங்கிருந்துதான் ஊதிப் பெருத்துக் கிளம்பியிருக்கவேண்டும்.

மற்றவர்கள் இதே சோதனையைச் செய்தபோது பலருக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. மாலை உணவுக்குப்பின், வழக்கமாகக் குடிப்போர் குடிக்கும் அளவுக்குக் கொடுத்துப் பார்த்தால் மாத்திரை போட்டவருக்கும் போடாதவருக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஏன் இந்த முரண்பாடு?

எறிந்த பந்து சொல்லும் விடை

ஆய்வாளர்கள் அளந்தது எதை? மது கொடுத்தபின் அவ்வப்போது இரத்தம் எடுத்து, ஆல்கஹாலின் அளவை நேரத்துக்கு எதிராக வரைந்தார்கள். அந்தக் கோட்டின் கீழுள்ள பரப்பைக் கணக்கிட்டார்கள். வாய்வழி கொடுத்தபோது கிடைத்த பரப்பு, சிரைவழி செலுத்தியபோது கிடைத்ததைவிடக் குறைவாக இருந்தால், குறைந்த பங்கு இரைப்பையில் அழிந்துவிட்டது என்று கொண்டார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

இப்போது ஒரு பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் 2 வினாடியில் வேகம் பூச்சியமாகும். வேகம்–நேரம் வரைபடம் ஒரு செங்கோண முக்கோணம். அதன் பரப்பே பந்து ஏறிய உயரம்: 20 மீட்டர். அடுத்து, அதே 20-ஐ இரண்டாகப் பிரித்து, 10 மீட்டர் வேகத்தில் இருமுறை தனித்தனியே எறிகிறோம். ஒவ்வொரு முறையும் ஏறும் உயரம் 5 மீட்டர். இரண்டும் சேர்த்து 10 மீட்டர்தான்! வேகத்தில் ஒன்றும் தொலையவில்லை, பரப்புமட்டும் பாதியாகிவிட்டது. உயரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்பதே காரணம்.

சீரான வேகத்தில் குறையும் ஆல்கஹாலும் சீரான முடுக்கத்தால் வேகம் குறையும் பந்தைப் போன்றதே. இரத்தத்தில் ஒரேயடியாக 30 மில்லிகிராம் ஏறி, மணிக்கு 15 வீதம் குறைந்தால் 2 மணி நேரத்தில் தீரும். முக்கோணத்தின் பரப்பு 30. அதே ஆல்கஹால் 15, 15 ஆக இரு தவணையில், ஒன்று தீர்ந்தபின் ஒன்றாக வந்தால் பரப்பு 7.5-உம் 7.5-உம், ஆகமொத்தம் 15. ஒரு துளிகூட இரைப்பையில் அழியவில்லை. ஆயினும் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் "பாதி காணோம்! இரைப்பைதான் தின்றுவிட்டது" என்று சொல்லக்கூடும்.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து மருத்துவர் மைக்கேல் லெவிட் 1990-களில் இந்தத் தவற்றைச் சுட்டிக்காட்டினார். இரைப்பை தன் சரக்கைச் சிறுகுடலுக்கு மெல்ல மெல்ல இறக்கினால் பரப்பு சிறுக்கும். வேகமாக இறக்கினால் பெருக்கும். உணவோடு குடித்தால் இரைப்பையின் கீழ்வாய் நெடுநேரம் மூடிக்கிடக்கும்; வெறும் வயிற்றில் மது நேரே கீழிறங்கும். ரானிட்டிடின் இரைப்பையைச் சற்று விரைவாகக் காலியாக்கும் தன்மையுடையது என்பதும் தெரியவந்தது. அப்படியானால் லீபர் கண்ட உயர்வு நொதி தடுக்கப்பட்டதால் வந்ததா, மதகு சற்று அகலத் திறந்ததால் வந்ததா? பரப்பை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல இயலாது.

1993-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, நடைமுறையில் பொருட்படுத்தத்தக்க விளைவு எதுவும் இல்லை என்று முடிவு செய்தது. லீபரின் தரப்பு ஓய்ந்துவிடவில்லை. 10 கிராம் ஆல்கஹாலை முக்கால் மணிக்கு ஒருமுறையாக நான்கு முறை கொடுத்து, ரானிட்டிடின் சாப்பிட்டோரிடம் அளவு கூடுவதாக 2000-ஆம் ஆண்டில் மீண்டும் காட்டினார்கள். எனக்கு அவர்கள்மேல் குறையில்லை. சிறு அளவில் அவர்கள் அளந்தது உண்மையாகவே இருக்கட்டும். அதைச் சதவீதத்தில் சொல்லும்போதுதான் கேட்பவர் ஏமாறுகிறார்.

எப்படி என்று பாருங்கள். 30 மில்லி விஸ்கியிலோ பிராந்தியிலோ ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் உண்டு. இரைப்பை அதில் 2 கிராமை அழிக்கிறது என்றும், மாத்திரை அதை முற்றிலும் தடுக்கிறது என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 8 கிராம் போகவேண்டிய இடத்தில் 10 கிராம் போகிறது. நூற்றுக்கு 25 அதிகம்! ஒருவர் 60 கிராம் குடிக்கும்போதும் அதே 2 கிராம்தான் என்றால், 58-க்குப் பதில் 60. நூற்றுக்கு நான்குகூட இல்லை. இரைப்பை நொதியின் கையளவு சிறியது; வெள்ளத்தில் அது காணாமற்போகிறது. ஒமிப்ரசோலிலோ இந்தச் சிறு விளைவும் காணப்படவில்லை. ரானிட்டிடினையே, என்.டி.எம்.ஏ. என்னும் மாசு அதில் தோன்றுவதால், அதாவது முற்றிலும் வேறொரு காரணத்துக்காக, 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கச் சொல்லிவிட்டார்கள்.

சிவக்காத முகம்

மாத்திரையால் உண்மையாகவே கேடு விளையும் ஓரிடம் உண்டு. அது ஆல்கஹால் அழியும் வேகத்தைப் பற்றியதன்று.

சீனா, ஜப்பான், கொரியா நாடுகளில் நூற்றுக்குச் சுமார் 36 பேருக்கு, அசிட்டால்டிஹைடை அழிக்கும் இரண்டாவது நொதி பிறப்பிலேயே பழுதுபட்டிருக்கிறது. சிறிது குடித்தாலும் அசிட்டால்டிஹைடு தேங்கும். முகம் செக்கச்செவேலெனச் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். இச்சிவப்பை உண்டாக்குவதில் ஹிஸ்டமினுக்கும் பங்குண்டு. ஹிஸ்டமினின் பூட்டை அடைக்கும் மாத்திரை ஃபாமோட்டிடின் அல்லவா? எனவே விருந்துக்குப் போகும் முன் அதை விழுங்கிவிட்டு, முகம் சிவக்காமல் குடிப்போர் அங்கே இருக்கிறார்கள்.

முகம் சிவப்பது நிற்கிறது, அசிட்டால்டிஹைடு நிற்பதில்லை. மதுவோடு தொடர்புடைய அசிட்டால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது உறுதிசெய்யப்பட்ட செய்தி. இந்த நொதிக் குறை உள்ளவர் குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிறரைவிட மிகுதி. சிவந்த முகம் 'போதும்' என்று சொல்லும் எச்சரிக்கை விளக்கு. விளக்கின் கம்பியை அறுத்துவிட்டு வண்டியை ஓட்டுவது போன்றது இந்த மாத்திரை வேலை.

நம் நாட்டில் அந்த நொதிக் குறை அரிது. ஆனால் மாணவரின் தந்தை செய்வதும் ஒரு வகையில் இதே செயல்தான். ஆல்கஹால் இரைப்பையின் உட்சுவரைத் தானே புண்படுத்தும். மாத்திரை அமிலத்தைக் குறைப்பதால் எரிச்சல் தெரியாமற்போகிறது. எரியாததால் இன்னும் கொஞ்சம் குடிக்கத் தோன்றுகிறது. கல்லீரலுக்கோ மாத்திரையால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. தினமும் மாத்திரை தேவைப்படும் அளவுக்கு எரிச்சல் இருந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். போகும்போது குடிப்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

ஒரு தாளில் ஒரு கணக்கு

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அந்த மாணவர் கல்லூரிக்கு என்னைத் தேடி வந்தார். நான் படித்ததைச் சொன்னேன். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, "கணக்கை நீயே போட்டுப் பார், தம்பி. அப்பா எவ்வளவு குடிப்பார்?" என்றேன். "ஒரு குவார்ட்டர் சார்" என்றார். எடை சுமார் 60 கிலோ.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு, அதாவது 77 மில்லி. ஆல்கஹாலின் அடர்த்தி மில்லிக்கு 0.79 கிராம். பெருக்கினால் ஏறத்தாழ 61 கிராம். ஆல்கஹால் உடல் முழுவதும் பரவுவதில்லை. கொழுப்பை விட்டுவிட்டு நீர் உள்ள இடங்களில்தான் பரவும். ஆண்களுக்கு எடையை 0.68-ஆல் பெருக்கவேண்டும் என்பது விட்மார்க்கின் கணக்கு. 60 கிலோவுக்கு 41 கிலோ வருகிறது. 61 கிராமை 41-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 1.5 கிராம், 100 மில்லி இரத்தத்தில் என்று சொன்னால் சுமார் 150 மில்லிகிராம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு அனுமதிக்கும் எல்லை 30.

"குடிக்கத் தொடங்குவது எத்தனை மணிக்கு?" என்றேன்.

"பத்து மணி இருக்கும் சார்."

150-லிருந்து 30-க்கு இறங்க 120 குறையவேண்டும். மணிக்கு 15 வீதம் 8 மணி நேரம். காலை ஆறு மணி. மெல்ல அழியும் உடலானால் எல்லைக்குள் வரப் பத்து மணி ஆகிவிடும். இரத்தம் முழுவதும் தெளிய, சராசரி உடலுக்கே பத்து மணி நேரமாகும்.

"மாத்திரையைச் சேர்த்தால் சார்?" என்று கேட்டார். இரைப்பை 3 கிராமை அழிப்பதாகவும் மாத்திரை அதை அறவே தடுப்பதாகவும் மிகைப்படுத்தியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். 3 கிராமை 41-ஆல் வகுத்தார். 100 மில்லிக்கு 7 மில்லிகிராம் வந்தது. அதாவது அரை மணி நேரம். ஆறு மணி என்பது ஆறரை ஆகும், அவ்வளவுதான்.

மாணவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "அப்பா வண்டி எடுப்பது நாலு மணிக்கு சார்" என்றார்.